பத்து மணிக்கு மேளக்கட்டு

வாலாஜாபாத் சுற்றுவட்டாரக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் கூத்தைக் காது கொடுத்துக் கேட்க ஓர் அழைப்பு

மாசி பிறந்துவிட்டால் வாலாஜாபாத் பேருந்து நிலையத்துச் சுவர்களில் புதிய நோட்டீஸ்கள் ஏறத் தொடங்கும். நகைக்கடன் விளம்பரத்துக்கும் காதணி விழா சுவரொட்டிக்கும் நடுவே, மெல்லிய தாளில் எழுத்தை நெருக்கி அச்சடித்து, 'அக்னி வசந்த மகாபாரத விழா' என்று தலைப்பு போட்டிருக்கும். கீழே நிகழ்ச்சி நிரல். பகலில் பாரதச் சொற்பொழிவு. இரவு 10 மணிக்கு நாடகம். வில்வளைப்பு, சுபத்திரை கல்யாணம், இராஜசூய யாகம், திரௌபதி துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ராத்திரிக்கு ஒரு கதை. அடியில் ஆட வரும் ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின் பெயர், அதை நடத்தும் வாத்தியாரின் ஊர், விழாக் குழுவினர் பெயர்கள்.

மார்கழி வந்தால் கச்சேரிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபா சபாவாகப் போகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். இன்று யார் பாட்டு, என்ன ராகம், யார் பக்கவாத்தியம் என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கவே நன்றாக இருக்கும். பாலாற்றங்கரைக் கிராமங்களுக்கு அந்தப் பட்டியல் இந்த நோட்டீஸ்தான். மாசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை இந்தப் பகுதியில் பாட்டு கேட்கிற காலம். வாலாஜாபாத்திலிருந்து தெற்கே உத்திரமேரூர், வந்தவாசி, மேற்கே காஞ்சிபுரம், செய்யாறு, ஆற்காடு என்று விரியும் இந்த நிலத்தில் ஏதோ ஓர் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் விடிய விடிய நாடகம் நடந்துகொண்டே இருக்கும்.

நாடகம் என்றுதான் இங்கே பேச்சு. வெளியூர்க்காரர்கள் தெருக்கூத்து என்கிறார்கள். வேஷக்காரர்கள் பூணும் மரக்கட்டை அணிகளை வைத்துக் கட்டைக்கூத்து என்று சொல்ல வேண்டும் என்பது கலைஞர்களில் ஒரு சாராரின் வாதம். இந்தக் கட்டுரையில் கூத்து என்றே சொல்லிவிடுகிறேன்.

கூத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் பெரும்பாலும் கண்ணையே நம்பி வருகிறார்கள். கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், தோளில் புஜக்கட்டை, நெஞ்சில் பதக்கம், அரிதாரம் பூசிய முகம், சுழலும்போது குடையாக விரியும் பாவாடை. இவை எல்லாம் அழகுதான். ஆனால் எட்டு மணி நேரக் கூத்தில் பாட்டும் மேளமும் ஓய்ந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. கதை பாட்டில்தான் நகர்கிறது. சண்டை பாட்டில்தான் நடக்கிறது. சாகிறவன் பாடிக்கொண்டேதான் சாகிறான். தமிழ்நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிற மிக நீண்ட இசை நிகழ்ச்சிகளில் ஒன்று இது. இதைக் கேட்பதற்கென்று போகிறவர்கள் அநேகமாக உள்ளூர்க் கிழவர்களும் கிழவிகளும் மட்டும்தான். அந்தக் கூட்டத்தில் நாமும் போய் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மண்ணில் பாரதம் கேட்பது நேற்று வந்த வழக்கம் அல்ல. காஞ்சிபுரத்துக்கு வடக்கே கூரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த செப்பேடு ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று நிலத்தில் ஒரு பங்கு ஒதுக்கியதை அது சொல்கிறது. அன்று வாசித்தது எந்தப் பாரதமோ, எந்த மொழியோ, அது வேறு. ஊர் கூடி உட்கார்ந்து பாரதம் கேட்பதற்கு ஒரு செலவு உண்டு, அதைப் பொதுவில் ஏற்க வேண்டும் என்ற எண்ணம் இந்தப் பக்கத்தில் 1,300 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. இன்று விழாக் குழு வீட்டுக்கு வீடு வரி போட்டுக் கூத்து வைக்கும்போது நடப்பதும் அதுதான்.

களரியில் என்ன கேட்கிறது?

கோயிலுக்கு எதிரே திறந்தவெளி. மூன்று பக்கமும் ஜனம். பாயும் தலையணையுமாக வந்து இடம் பிடித்தவர்கள் முன்னால், நாற்காலிக்காரர்கள் பின்னால். நடுவே விட்டிருக்கும் இடம்தான் களரி. அதன் பின்புறத்தில் ஒரு பெஞ்சு போட்டு மேளக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக்கு, கைத்தாளம், முகவீணை. பக்கத்திலேயே பின்பாட்டுக்காரர்கள் நிற்பார்கள். வேஷம் முடிந்தவரும் வேஷம் வராதவரும் பின்பாட்டில் சேர்ந்துகொள்வது வழக்கம்.

பத்து மணிக்கு என்று நோட்டீஸில் போட்டது பத்தரை ஆகலாம். வேஷக்காரர்கள் இன்னும் ஒப்பனைக் கொட்டகையில் இருக்கும்போதே மேளக்கட்டு தொடங்கிவிடும். மிருதங்கமும் டோலக்கும் ஒன்றை ஒன்று துரத்த, மேலே முகவீணை ஏறும். ஊருக்கு இதுதான் அழைப்பு. வயல் தாண்டி, ஏரிக்கரை தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் அது போகும். சாப்பிட்டு முடித்து வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜனம் கிளம்புவது இந்தச் சத்தம் கேட்ட பிறகுதான்.

முகவீணையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெயரில் வீணை இருந்தாலும் இது ஊதும் கருவி. நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி. நீளம் ஓர் அடிக்குப் பக்கத்தில்தான். சீவாளி வைத்து ஊதுவது. அளவு சிறியதாக இருப்பதால் சுருதி உச்சத்தில் நிற்கும். கூர்மையான, கொஞ்சம் கரகரப்பான, காதுக்குள் நேராக இறங்குகிற ஒலி. வேஷக்காரர் ஓர் அடி பாடி நிறுத்துவார். பின்பாட்டு அதை வாங்கிப் பாடும். முகவீணை அதையே இன்னொரு முறை இழைத்துச் சொல்லும். ஒரே அடியை மூன்று குரல்களில் கேட்டுவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் மாறியிருக்கும். பாட்டின் சொல் பிடிபடாவிட்டாலும் துக்கமா கோபமா என்பது முகவீணையில் பிடிபட்டுவிடும். ஒரு நல்ல முகவீணைக்காரர் இருந்தால் அந்த ஜமாவின் பாட்டுக்கே வேறு உயிர். அப்படி வாசிக்கிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். ஆர்மோனியத்தை மட்டும் வைத்துச் சமாளிக்கும் ஜமாக்களும் உண்டு. அந்தக் குறை அரைமணி நேரத்தில் காதுக்குத் தெரிந்துவிடும்.

கூத்தின் குரல் வேறு ஜாதி. மைக் இல்லாத காலத்தில், பெட்ரோமாக்ஸ் விளக்குக்கும் முன்னால், தீவட்டி வெளிச்சத்தில் ஆயிரம் பேருக்குக் கேட்கப் பாடிப் பழகிய முறை இது. சுருதி மேலே வைத்து, அடித்தொண்டையிலிருந்து திறந்து பாடுவார்கள். தலையில் கிரீடம், உடம்பில் கட்டை, காலில் சலங்கை. களரியைச் சுற்றி அடவு போட்டு வந்து மூச்சு வாங்குகிற அடுத்த நொடியில் அந்த உச்ச சுருதியைத் தொட வேண்டும். பெண் வேஷம் கட்டும் ஆண்களும் அதே சுருதியில்தான் பாடியாக வேண்டும். சபாக் கச்சேரியின் மெருகை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். மோகனம், முகாரி, ஆனந்தபைரவி என்று ராகப் பெயர்களை வாத்தியார்கள் சொல்வார்கள். அவை கச்சேரியில் நாம் பார்த்துப் பழகிய முகத்தோடு வருவதில்லை. ஓடி வந்து வெயிலில் நிற்கிற முகம் அவற்றுக்கு. அந்த முகமும் அழகுதான் என்று பழகிக்கொள்ள ஒன்றிரண்டு இரவுகள் தேவைப்படும்.

முதல்முறை போகிறவர்கள் திரைப் பிரவேசத்தைக் கவனித்துக் கேட்டால் இந்த இசையின் அடிப்படை பிடிபட்டுவிடும். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னால் துரியோதனனோ கர்ணனோ. சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். முதலில் விருத்தம். தாளக்கட்டு இல்லாமல் நீட்டி இழுத்து, தான் யார், எப்படிப்பட்டவன் என்று பாடுவார். பிறகு தரு. தாளம் சேர்ந்து, மேளம் சேர்ந்து, பின்பாட்டு சேர்ந்து வேகம் பிடிக்கும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். திரை விலகும்போது ஜனம் நிமிர்ந்து உட்காரும். அதன் பிறகு கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து கேள்வி கேட்பான், வசனம் வரும், சிரிப்பு வரும், மறுபடி விருத்தம், மறுபடி தரு. இரவு முழுக்க இந்த மூன்றும் மாறி மாறித்தான். கேட்கிறவருக்கு விருத்தம் நின்று யோசிக்கும் இடம், தரு ஓடும் இடம், வசனம் மூச்சு விடும் இடம்.

நான் சொல்லும் ஒரே ஆலோசனை, மேளக்காரர் பெஞ்சுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள் என்பது. முன்வரிசை நடுவில் உட்கார்ந்தால் வேஷம் நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஆர்மோனியக்காரர் வேஷக்காரரைக் கண்ணாலேயே கேட்டுச் சுருதி கொடுப்பது, மிருதங்கக்காரர் காலடியைப் பார்த்து முத்தாய்ப்பு வைப்பது, பின்பாட்டில் நிற்கும் சிறுவன் அடியை மறந்து வாத்தியாரின் வாயைப் பார்ப்பது எல்லாம் தெரியும். அந்தச் சிறுவன் பாட்டு கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் அதுதான்.

கர்ணன் விடைபெறும் நேரம்

எல்லா இரவுகளிலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கர்ண மோட்சத்தைத்தான் சொல்வேன். பாரத விழாவில் பதினேழாம் நாள் போருக்கு உரிய கதை அது. அதோடு, இந்தப் பகுதியில் வயதானவர் இறந்தால் பதினாறாம் நாள் காரியத்து இரவில் கர்ண மோட்சம் வைப்பதும் வழக்கம். செய்த தருமத்தின் பலனையும் கடைசி மூச்சில் கண்ணனுக்குத் தாரை வார்த்து மோட்சம் பெற்றவன் கர்ணன். அவன் கதையைப் பாடினால் இறந்தவருக்கும் நற்கதி என்பது நம்பிக்கை.

கர்ணன் போருக்குப் புறப்படும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் என்று அவனை விலக்கியே வைத்திருந்தவள் அவள். கதவுக்கு வெளியே நின்று அவன் பாட, உள்ளிருந்து அவள் பதில் பாட, தருக்கம் நீளும். தன் பிறப்பின் உண்மையை அவன் சொல்கிற இடத்தில் பாட்டின் நடை மாறும். மேளம் அடங்கிக்கொள்ளும். ஆர்மோனியமும் முகவீணையும் மட்டும் பின்னால் இழையும். அதற்குள் நள்ளிரவு தாண்டியிருக்கும். குழந்தைகள் தூங்கியிருப்பார்கள். விழித்திருப்பவர்கள் கேட்க என்றே விழித்திருப்பவர்கள். சாவு நிகழ்ந்த வீட்டு வாசலில் இதைக் கேட்பது வேறோர் அனுபவம். அங்கே பொன்னுருவி ஒப்பாரி வைக்கும்போது வீட்டுப் பெண்களின் அழுகையும் பாட்டோடு சேர்ந்துகொள்ளும். அழுது தீர்க்க ஓர் இரவை ஊர் அவர்களுக்குக் கொடுக்கிறது. இசை மனிதனுக்கு எதற்கு என்று கேட்கிறவர்களை நான் அந்த வாசலுக்குத்தான் கூட்டிப் போக விரும்புவேன்.

கடல் கடந்தும் இந்தக் கதை பாட்டாகவே வாழ்ந்திருக்கிறது. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றியபோது எடுத்துக்கொண்டவற்றில் 'கர்ணன் போர்' ஒன்று. விடிய விடிய நடந்ததை அவர் நகர மேடைக்குச் சுருக்கினார். அதனால் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். சுருக்கியதில் போனது என்ன என்ற விவாதமும் அன்றிலிருந்து நடக்கிறது. அந்த விவாதம் நமக்கும் உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அர்ச்சுனன் தபசைக் கேட்க நினைப்பவர்கள் சாயங்காலமே போய்விட வேண்டும். உயரமான பனைமரத்தை நட்டு, ஏறுவதற்குப் படி அடித்து வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். மேலே போகப் போகக் குரல் காற்றில் கலந்து மெலியும். ஜனம் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்ளும். உச்சியிலிருந்து அவர் வீசும் வில்வ இலைக்கும் பழத்துக்கும் குழந்தை வரம் வேண்டி வந்த பெண்கள் கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். விழா முடிகிற அன்று பகலில் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி வீமனும் துரியோதனனும் மோதுவார்கள். திரௌபதி கூந்தல் முடித்த பிறகு மாலையில் தீமிதி. அன்றைக்குப் பாட்டைவிடப் பம்பையும் உடுக்கையும்தான் மேலோங்கி நிற்கும்.

குழாயைக் கொஞ்சம் இறக்குங்கள்

இனி ஒரு மனக்குறை. பெரும்பாலான ஊர்களில் களரிக்கு மேலே கம்பி கட்டி மைக்குகளைத் தொங்கவிட்டு, கோயிலைச் சுற்றியும் தெருக்கம்பங்களிலும் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிவிடுகிறார்கள். எக்கோ வேறு வைக்கிறார்கள். முகவீணையின் கூர்மை குழாய்க்குள் போய் வெறும் கீச்சொலியாக வெளியே வருகிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்க நாதம் காணாமல் போகிறது. உச்ச சுருதியில் பயின்ற குரலை இன்னும் பெருக்கினால் சொல் உடைகிறது. மைக்கைத் தேடித் தேடி நிற்க வேண்டியிருப்பதால் ஆட்டமும் குறுகிவிடுகிறது. எந்தக் கருவியும் இல்லாமல் ஆயிரம் பேருக்குக் கேட்கப் பிறந்த பாட்டை நாம் கருவி வைத்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து அமலில் இருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. கூத்து தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் அச்சாக அதுவேதான். எனவே ஒவ்வொரு விழாவுக்கும் அனுமதி, முறையீடு, பேச்சுவார்த்தை. கர்நாடகத்தில் யட்சகானத்துக்கும் இதே நிலைதான். அங்கே பல மேளங்கள் (ஆட்டக் குழுக்கள்) நள்ளிரவோடு முடித்துக்கொள்ளும் முறைக்கு மாறிவிட்டன. நம் ஊரில் அந்த நிலை வரக் கூடாது. விழாக் குழுக்கள் தெருக் குழாய்களை அவிழ்த்துவிட்டு, களரியில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சத்தத்தை இறக்கினாலே பாட்டுக்குப் பாதி மரியாதை கிடைத்துவிடும். ஊரில் படிக்கிற பிள்ளைகளும் நோயாளிகளும் நிம்மதியாக இருப்பார்கள். முடிந்தால் ஓர் இரவாவது மைக் இல்லாமல் வைத்துப் பாருங்கள். ஜனம் நெருங்கி உட்காரும். பேச்சு அடங்கும்.

வேரூன்றிய இரண்டு இடங்கள்

காஞ்சிபுரத்துக்கு அருகே, நடவாவிக் கிணற்றுக்குப் பேர்பெற்ற ஐயங்கார்குளத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. 1990-ல் தொடங்கியது. பெருங்கட்டூரைச் சேர்ந்த பரம்பரைக் கூத்தர் பெ. இராஜகோபால் அதன் முதுகெலும்பு. தந்தை பொன்னுசாமியின் ஜமாவில் சிறுவயதிலேயே வேஷம் கட்டியவர். நெதர்லாந்திலிருந்து வந்து இந்தக் கலையை ஆராய்ந்த ஹன்னா டி புருயின் அவருடைய துணைவியாரும் சங்கத்தின் இன்னொரு தூணும் ஆவார். 2002-ல் இவர்கள் தொடங்கிய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துப் படித்தார்கள். பெண் பிள்ளைகளும் படித்தார்கள் என்பதுதான் பெரிய செய்தி. ஆண்களே எல்லா வேஷமும் கட்டிய களரியில், அங்கே பயின்ற திலகவதி போன்றவர்கள் கிரீடம் வைத்து ஆண் வேஷத்தில் பாட வந்தார்கள். அந்தச் சுருதி பெண் குரலில் கேட்கும்போது, இத்தனை காலம் இதை ஏன் தள்ளி வைத்திருந்தோம் என்ற வருத்தம் வரும். குருகுலம் இன்று நடப்பதில்லை. அங்கே பயின்றவர்கள் களரிகளில் இருக்கிறார்கள்.

இன்னோர் ஊர் புரிசை. திருவண்ணாமலை மாவட்டம் என்றாலும் காஞ்சிபுரத்திலிருந்து எளிதில் போய்விடலாம். துரைசாமிக் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் ஊர். கண்ணப்பத் தம்பிரானின் பாட்டும் ஆட்டமும் நாடகாசிரியர் ந. முத்துசாமியை ஈர்த்தன. 1977-ல் கூத்துப்பட்டறை நாடகக் குழு பிறந்ததற்குப் பின்னால் அந்த ஈர்ப்பு இருந்தது. கூத்தைப் பற்றி முத்துசாமி எழுதிய கட்டுரைகள் 'அன்று பூட்டிய வண்டி' என்று நூலாக வந்திருக்கின்றன. கேட்பதற்கு முன் படிக்க ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு அதைச் சொல்வேன். பாரதக் கதைகளோடு நில்லாமல், காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் சிறுகதையைக்கூடக் கூத்தாக்கிப் பாடியவர்கள் புரிசைக்காரர்கள்.

சென்னையிலும் கூத்துக்கு இடம் கிடைக்கிறது. 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் விழா பூங்காக்களிலும் கடற்கரையிலும் நாட்டுப்புறக் கலைஞர்களை நிறுத்தியது. இடையில் நின்றுபோய், 2023-லிருந்து மறுபடி நடக்கிறது. ஊரூர் ஆல்காட் குப்பத்து விழா 2015-லிருந்து மீனவர் குப்பத்து மணலில் கச்சேரியையும் கூத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. பாடகர்கள் டி. எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் இராஜகோபாலின் குழுவோடு ஒரே மேடையில் கர்னாடக இசையையும் கூத்தையும் சேர்த்துப் பாடினார்கள். நல்ல முயற்சிகள்தான். அங்கே முதலில் கேட்டவர்கள் பிறகு கிராமத்துக்குத் தேடி வந்ததும் உண்டு.

ஆனாலும் அரைமணி, ஒருமணி நேர மேடையைக் கூத்து என்று எண்ணிவிடக் கூடாது. நகர மேடைக்கு வரும் ஜமா திரைப் பிரவேசத்தையும் ஒரு சண்டையையும் காட்டிவிட்டு இறங்க வேண்டியிருக்கிறது. வேகம் மட்டும் மிஞ்சுகிறது. பொறுமை போய்விடுகிறது. ஒரு விருத்தத்தை இருபது நிமிடம் பாடி, அதில் ஒரு சொல்லை மூன்று விதமாகத் திருப்பி, மூலையில் இருக்கும் கிழவி 'உம்' கொட்டும் வரை விடாமல் நிற்கிற அந்த நிதானம் எட்டு மணி நேரத்துக்குள் மட்டும்தான் சாத்தியம். இரவின் நீளம் இந்த இசையின் ஓர் உறுப்பு. அதை வெட்டினால் உறுப்பை வெட்டுவதுதான். இந்த விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை.

கேட்க ஆள் வேண்டும்

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் இரவில் போனால் ஒரகடம் பக்கம் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கிராமங்களின் இளைஞர்கள் அந்தப் பேருந்துகளில் இருக்கிறார்கள். இரவு ஷிஃப்ட் இல்லாதவர்களுக்கும் காலை ஐந்தரைக்கு வண்டி வரும். விடிய விடிய விழித்திருந்த ஜனம் அறுவடை வேலையைத் தன் வசதிக்கு ஒத்திவைக்க முடிந்த ஜனம். தொழிற்சாலை மணி யாருக்காகவும் காத்திருக்காது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. சம்பளம் வீட்டுக்கு வருவது நல்லது. அதனால் நடுநிசிக்குப் பிறகு களரியைச் சுற்றி இடைவெளி விழுகிறது என்பதும் உண்மை. சனிக்கிழமை இரவில் வைக்கும் கதைக்குக் கூட்டம் கூடுவதைப் பார்த்து, சில விழாக் குழுக்கள் முக்கியமான கதைகளை வார இறுதிக்கு மாற்றுகின்றன. புத்திசாலித்தனமான ஏற்பாடு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கூத்துக் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வாங்கிய அச்சாரங்கள் திரும்பிப் போயின. ஆண்டு வருமானத்தை இந்தச் சில மாதங்களில் சேர்த்தாக வேண்டிய கலைஞர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென அரசின் நல வாரியம் 2007-லிருந்து இருக்கிறது. உதவித்தொகை ஒரு குடும்பத்தை ஒரு மாதம் தாங்கலாம். ஒரு ஜமாவைத் தாங்குவது அதைக் கூப்பிடுகிற ஊர்தான், அது பாடும்போது விழித்திருக்கிற காதுகள்தான்.

கூத்தோடு மட்டும் இந்தப் பக்கத்தில் பாட்டு நிற்பதில்லை. ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது பம்பை, உடுக்கை, கைச்சிலம்போடு வர்ணிப்புப் பாடுகிறவர்கள் வருவார்கள். உடுக்கையை அழுத்தி அழுத்திக் குரலோடு பேசவைக்கும் அந்த வித்தையைப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். மார்கழியில் பஜனைக் கோயில்களிலிருந்து விடியலில் பஜனைக் கோஷ்டி கிளம்பும். கழுத்தில் மாட்டிய ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், நாலைந்து ஜால்ரா, மஃப்ளர் சுற்றிய பெரியவர்கள், பொங்கலுக்காக வந்த சிறுவர்கள். மைக்கே கிடையாது. தெரு திரும்பும்போது பாட்டும் திரும்பும். குளிரில் அந்தக் கோஷ்டியோடு ஒரு சுற்று நடந்தவர்களுக்கு மார்கழி என்றால் சபா மட்டும் அல்ல என்று தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு வழி எளிது. செங்கல்பட்டு – அரக்கோணம் ரயில் பாதையில் வாலாஜாபாத் நிலையம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம் வழியாகப் பேருந்தும் உண்டு. மாசியிலிருந்து பேருந்து நிலையச் சுவர்களைப் பாருங்கள். டீக்கடையில் கேட்டால், "இன்னைக்கு ராத்திரி எங்க நாடகம்?" என்ற கேள்விக்கு ஊர் பெயரோடு பதில் வரும். நுழைவுச்சீட்டு கிடையாது. யாரும் யார் என்று கேட்க மாட்டார்கள். ஒரு பாய், ஒரு போர்வை, தண்ணீர் போதும். மாலையில் கொஞ்சம் தூங்கிவிட்டுப் போங்கள். ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒரு தூக்கம் கண்ணைக் கட்டும். எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். பாட்டின் நல்ல பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

கைப்பேசியை உள்ளே வையுங்கள். வேஷக்காரர் முகத்துக்கு நேரே விளக்கடித்துப் படம் எடுக்காதீர்கள். பாட்டு பிடித்திருந்தால் களரியிலேயே அன்பளிப்புக் கொடுங்கள். கட்டியக்காரன் உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லி வாழ்த்துவான். வேஷக்காரருக்குக் கொடுக்கும்போது பெஞ்சில் இருக்கும் முகவீணைக்காரரையும் மிருதங்கக்காரரையும் மறந்துவிடாதீர்கள். அவர்களுக்குத் தனியாகக் கொடுங்கள். உங்கள் வீட்டில் காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ பெரியவர் காரியமோ வந்தால் பாட்டுக் கச்சேரிக்காரர்களுக்குப் போன் போடும் முன்பு ஒரு ஜமாவுக்குப் போன் போட்டுப் பாருங்கள். வாத்தியார் கேட்கும் தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். முழு இரவுக்கும் கூப்பிடுங்கள்.